20 வருஷம் பலித்த ஜோசியம்... 21-வது வருஷம் என்ன ஆனது? - அமெரிக்க ஃபுட்பாலின் நான்கு பங்காளிகள்!

‘போன வருஷம் ஜெயித்த அணி, இந்த வருஷம் ஜெயிக்காது.’

இந்த ஒரு வரி போதும். வீரர்களின் பெயர் தெரிய வேண்டாம், ஆட்டத்தின் விதிகூடத் தெரிய வேண்டாம். இதை மட்டும் ஒருவர் ஒவ்வோர் ஆகஸ்ட் மாதமும் சொல்லிக்கொண்டே வந்திருந்தால், அமெரிக்க ஃபுட்பாலின் ‘என்.எஃப்.சி ஈஸ்ட்’ பிரிவில் 2005 முதல் 2024 வரை 20 ஆண்டுகள் தொடர்ந்து அவர் வாக்கு பலித்திருக்கும். அந்த 20 ஆண்டுகளில் எந்த அணியும் அடுத்தடுத்து இரண்டு முறை இந்தப் பிரிவில் முதலிடம் பிடிக்கவில்லை. அமெரிக்க ஃபுட்பால் வரலாற்றில் வேறு எந்தப் பிரிவிலும் இவ்வளவு காலம் இப்படி நடந்ததில்லை.

அதே வரியை நம்பி 2025-லும் ஒருவர் சொல்லியிருந்தால்? மாட்டிக்கொண்டிருப்பார். 2024-ல் முதலிடம் பிடித்த ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ், 2025-லும் முதலிடம் பிடித்துவிட்டது!

20 முறை பலித்த ஜோசியம் 21-வது முறை பொய்த்துப்போனது. சீஸன் தொடங்கும் முன் சொல்லப்படும் கணிப்புகளின் மொத்தக் கதையும் இதற்குள் இருக்கிறது. இது வெறும் விளையாட்டு அரட்டை என்றால் சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் இன்று இந்தக் கணிப்புகளின் மேல் சாதாரணக் குடும்பங்களின் சம்பளப் பணம் பந்தயமாக வைக்கப்படுகிறது. அதனால்தான் இதைக் கொஞ்சம் கவனித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

முதலில், ஆட்டம் என்ன?

நம் ஊரில் ஃபுட்பால் என்றால் காலால் உதைக்கும் ஆட்டம். அமெரிக்காவில் அதற்கு ‘சாக்கர்’ என்று பெயர். அவர்கள் ஃபுட்பால் என்று சொல்வது, ஹெல்மெட்டும் தோளில் கவசமும் அணிந்து, முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டம். ஒரு பக்கத்துக்கு 11 பேர். 100 கெஜ நீள மைதானம். நான்கு முயற்சிகளுக்குள் குறைந்தது 10 கெஜம் முன்னேறினால், மேலும் நான்கு முயற்சிகள் கிடைக்கும். இல்லையென்றால் பந்து எதிரணியின் கைக்குப் போய்விடும்.

இதில் அச்சாணி மாதிரி இருப்பவர் ‘குவார்ட்டர்பேக்’. ஒவ்வொரு முறையும் பந்து முதலில் இவர் கைக்குத்தான் வரும். யாரிடம் கொடுப்பது, யாருக்கு எறிவது என்று இரண்டு மூன்று விநாடிக்குள் முடிவெடுக்க வேண்டும். கிரிக்கெட்டில் கேப்டன், ஓப்பனிங் பேட்ஸ்மேன், கடைசி ஓவர் பௌலர் மூவரும் ஒரே ஆள் என்று வைத்துக்கொண்டால் எப்படியோ, அப்படி ஒரு பொறுப்பு.

தொழில்முறை லீகான என்.எஃப்.எல்-லில் மொத்தம் 32 அணிகள். நான்கு நான்காக எட்டுப் பிரிவுகள். ஒவ்வோர் அணிக்கும் ஒரு சீஸனில் 17 லீக் ஆட்டங்கள் மட்டுமே. செப்டம்பரில் தொடங்கி ஜனவரி தொடக்கத்தில் முடிந்துவிடும். பிரிவில் முதலிடம் பிடித்தால் நாக்-அவுட் சுற்றுக்கு நேராகப் போகலாம். அதன் இறுதி ஆட்டம்தான் பிப்ரவரியில் நடக்கும் ‘சூப்பர் பவுல்’.

ஒரே பிரிவில் இருக்கும் அணிகள் ஒவ்வோர் ஆண்டும் தங்களுக்குள் இரண்டு முறை மோதியே ஆக வேண்டும். ஒரு முறை நம் வீட்டில், ஒரு முறை அவர்கள் வீட்டில். வருஷா வருஷம், தலைமுறை தலைமுறையாக. பிறகு எப்படி அது வெறும் போட்டியாக இருக்கும்? பங்காளிச் சண்டைதான்!

நான்கு பங்காளிகள்

மூத்தவர் நியூயார்க் ஜயன்ட்ஸ். 1925-ல் பிறந்த அணி. தொடங்கியது மாரா குடும்பம். மூன்று தலைமுறையாக இன்னும் அவர்கள் கை அதில் இருக்கிறது. பெயர்தான் நியூயார்க், மைதானம் பக்கத்து மாநிலமான நியூஜெர்சியில். நான்கு சூப்பர் பவுல் கோப்பைகள் வைத்திருக்கிறார்கள்.

அடுத்தவர் வாஷிங்டன் கமாண்டர்ஸ். 1932-ல் பாஸ்டனில் தொடங்கி, 1937-ல் தலைநகருக்குக் குடிபெயர்ந்த அணி. மூன்று கோப்பைகள். அமெரிக்கப் பழங்குடியினரை இழிவுபடுத்துவதாகப் பல ஆண்டுகள் எதிர்ப்பைச் சந்தித்த பழைய பெயரை 2020-ல் கைவிட்டது. இரண்டு சீஸன்கள் வெறுமனே ‘வாஷிங்டன் ஃபுட்பால் டீம்’ என்ற பெயரில் ஆடி, 2022-ல் இன்றைய பெயரைச் சூட்டிக்கொண்டது.

மூன்றாமவர் ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ். 1933-ல் பிறந்தது. இந்த அணியின் ரசிகர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று தெரிய ஒரு சம்பவம் போதும். 1968 டிசம்பரில், அணி ஆடிய லட்சணத்தில் கடுப்பாகி, மைதானத்துக்கு வந்த கிறிஸ்துமஸ் தாத்தா மீதே பனிக்கட்டி உருண்டைகளை வீசியவர்கள். அரை நூற்றாண்டு தாண்டியும் ஊர் அதைச் சொல்லிக்காட்டுகிறது. முதல் சூப்பர் பவுலுக்கு 2018 வரை காத்திருந்தார்கள். இப்போது கையில் இரண்டு.

கடைசிப் பிள்ளை டல்லாஸ் கவ்பாய்ஸ். 1960-ல் வந்தது. ஐந்து கோப்பைகள், நால்வரில் அதிகம். ஆனால் கடைசியாக ஜெயித்தது 1996 ஜனவரியில். அணியை 1989-ல் வாங்கிய ஜெர்ரி ஜோன்ஸ், முதலாளியாக இருப்பதோடு வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் பொது மேலாளர் நாற்காலியிலும் தானே உட்கார்ந்திருக்கிறார். ஒவ்வோர் ஆகஸ்டிலும் ‘இந்த வருஷம் நமக்குத்தான்’ என்று நம்புவது டல்லாஸ் ரசிகர்களின் வழக்கம். அதைக் கிண்டல் செய்வது மற்ற மூன்று ஊர்களின் வழக்கம்.

டெக்ஸாஸ் மாநில அணி ‘கிழக்கு’ப் பிரிவில் எப்படி என்று கேட்கலாம். வரைபடத்தைப் பார்த்தால் நியாயமே இல்லைதான். 2002-ல் பிரிவுகளைத் திருத்தி அமைத்தபோது, அதுவரை இதே பிரிவில் இருந்த அரிசோனா அணியை வெளியே அனுப்பினார்கள். டல்லாஸை மட்டும் விடவில்லை. காரணம், பகை. டல்லாஸுக்கு அணி கிடைக்கக் கூடாது என்று வாஷிங்டன் முதலாளி ஜார்ஜ் பிரெஸ்டன் மார்ஷல் முட்டுக்கட்டை போட்டபோது, டல்லாஸ் தரப்பின் கிளின்ட் மர்ச்சிசன் ஒரு வேலை செய்தார். வாஷிங்டன் அணியின் வெற்றிப் பாடலின் உரிமையையே சத்தமில்லாமல் வாங்கிவிட்டார். ‘பாட்டு வேண்டுமா, ஓட்டுப் போடு’ என்ற கதையாக டல்லாஸ் அணி பிறந்தது. இப்படித் தொடங்கிய உறவைப் பிரிக்க யாருக்கு மனசு வரும்?

அமெரிக்க ஃபுட்பாலில் நான்கு அணிகளும் சூப்பர் பவுல் ஜெயித்திருக்கிற ஒரே பிரிவு இதுதான். மொத்தம் 14 கோப்பைகள்.

தமிழ்க் குடும்பங்கள் கணிசமாக வாழும் நியூஜெர்சியின் எடிசனும் டல்லாஸை ஒட்டிய ஃபிரிஸ்கோ, பிளேனோ ஊர்களும் இந்தப் பகை பூமிக்குள்தான் இருக்கின்றன. கவ்பாய்ஸ் அணியின் தலைமையகமே ஃபிரிஸ்கோவில்தான். அங்கே வளரும் பேரப் பிள்ளைகள் வீடியோ காலில் நீல ஜெர்சியோடு வந்து எதையோ ஆவேசமாகப் பேசினால், பெரும்பாலும் விஷயம் இதுவாகத்தான் இருக்கும்.

ஆகஸ்ட் மாத ஜோசியர்கள்

செப்டம்பரில் சீஸன். ஆகஸ்டில் பயிற்சி ஆட்டங்கள். 90 பேரோடு பயிற்சியைத் தொடங்கும் அணி, மாதக் கடைசிக்குள் 53 பேராகக் குறைய வேண்டும். இந்த இடைவெளியில்தான் கணிப்புகள் மழையாகக் கொட்டும். முன்னாள் வீரர்கள், பத்திரிகையாளர்கள், புள்ளிவிவரப் புலிகள், பந்தய நிறுவனங்கள் எல்லோரும் ‘யார் முதலிடம், யார் கடைசி’ என்று பட்டியல் போடுவார்கள்.

கணிக்கும் முறையில் பெரிய ரகசியம் இல்லை. போன ஆண்டு எத்தனை வெற்றி? குவார்ட்டர்பேக் யார்? கோச் மாறினாரா? புதிதாக யார் வந்தார்கள், யார் போனார்கள்? எதிராளிகள் யார் யார்? இந்த ஐந்தையும் கலந்து ஓர் எண் சொல்வார்கள். கேட்கும்போது எல்லாமே அறிவுபூர்வமாகத்தான் இருக்கும். ஜனவரியில் எடுத்துப் பார்த்தால்தான் சிரிப்பு வரும்.

சொந்த வீட்டில் வேறொருவர் கல்யாணம்

2010 ஆகஸ்ட். டல்லாஸ் அணி முந்தைய சீஸனில் 11 வெற்றிகளோடு பிரிவில் முதலிடம் பிடித்திருந்தது. அந்த சீஸனின் சூப்பர் பவுல் நடக்கவிருந்த இடமோ, ஆர்லிங்டனில் உள்ள அவர்களின் சொந்த மைதானம். சொந்த மைதானத்தில் சூப்பர் பவுல் ஆடிய அணி அதுவரை எதுவுமே இல்லை. ‘அந்தப் பெருமை டல்லாஸுக்குத்தான்’ என்ற பேச்சு எங்கும் கேட்டது.

நடந்தது என்ன? முதல் எட்டு ஆட்டங்களில் ஒரே ஒரு வெற்றி. குவார்ட்டர்பேக் டோனி ரோமோவின் கழுத்துப்பட்டை எலும்பு முறிந்தது. கிரீன் பே பேக்கர்ஸ் அணியிடம் 45-7 என்று உதை வாங்கிய மறுநாள், கோச் வேட் ஃபிலிப்ஸ் வேலை இழந்தார். கடைசிக் கணக்கு 6 வெற்றி, 10 தோல்வி.

2011 பிப்ரவரியில் டல்லாஸின் மைதானத்தில் சூப்பர் பவுல் நடந்தது. கோப்பையைத் தூக்கியது யார் தெரியுமா? அதே கிரீன் பே!

அடுத்த ஆண்டு ஃபிலடெல்ஃபியாவின் முறை. பெரிய பெரிய நட்சத்திரங்களை விலைக்கு வாங்கிக் குவித்தார்கள். புதிதாக வந்த மாற்று குவார்ட்டர்பேக் வின்ஸ் யங், இது ‘ட்ரீம் டீம்’ என்று சொல்ல, அந்தப் பெயர் ஊரெங்கும் ஒட்டிக்கொண்டது. கனவு அணி முதல் ஐந்து ஆட்டங்களில் நான்கைத் தோற்றது. முடிவில் 8 வெற்றி, 8 தோல்வி. பிரிவை வென்றது வெறும் 9 வெற்றி பெற்ற ஜயன்ட்ஸ். அந்த அணிதான் பிப்ரவரியில் நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸை 21-17 என்று சாய்த்து சூப்பர் பவுலையும் வென்றது.

பெயர் வைத்தவர்களுக்கு ஒரு கோப்பையும் இல்லை. பேசாமல் இருந்தவர்களுக்குக் கோப்பை!

நாய் முகமூடி போட்ட நாயகர்கள்

2016 ஆகஸ்ட் 25. சியாட்டிலில் ஒரு பயிற்சி ஆட்டம். ரோமோவுக்கு மீண்டும் முதுகில் அடி. டல்லாஸ் முந்தைய ஆண்டு நான்கே ஆட்டங்களில் வென்ற அணி. இப்போது குவார்ட்டர்பேக்கும் இல்லை. வேறு வழியின்றி, புதுமுகத் தேர்வில் 135-வது ஆளாக எடுத்த டாக் பிரெஸ்காட் என்ற இளைஞரை இறக்கினார்கள். 13 வெற்றி, 3 தோல்வி. பிரிவில் முதலிடம்!

நவம்பரில் ரோமோ உடல் தேறி வந்தபோது, அந்த இடம் இப்போது டாக் உழைத்துப் பெற்ற இடம் என்று பத்திரிகையாளர்கள் முன்னால் சொல்லி ஒதுங்கிக்கொண்டார். 2017-ல் ஓய்வு பெற்று டி.வி வர்ணனையாளர் ஆனார். அங்கே அவருக்குக் கிடைத்த புகழ் விசித்திரமானது. இரு அணிகளும் நிற்கும் வரிசையைப் பார்த்தே, பந்து அடுத்து எந்தப் பக்கம் போகும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவார், அப்படியே நடக்கும். நாஸ்ட்ரடாமஸ் பெயரோடு அவர் பெயரைச் சேர்த்துச் செல்லப்பெயரே வைத்துவிட்டார்கள்.

அடுத்த ஐந்து விநாடியை ரோமோ துல்லியமாகச் சொல்வார். அடுத்த ஐந்து மாதத்தை? தன் சொந்த முதுகு ஆகஸ்ட் மாதத்தைத் தாண்டாது என்பதுகூட அவருக்குத் தெரிந்திருக்கவில்லையே!

2017-ல் ஜயன்ட்ஸ் மேல் நிறைய நம்பிக்கை இருந்தது. முந்தைய ஆண்டு 11 வெற்றி பெற்ற அணி அது. கிடைத்ததோ மூன்றே வெற்றி. மாறாக, 2016-ல் 7 வெற்றி பெற்றுக் கடைசி இடத்தில் இருந்த ஃபிலடெல்ஃபியா மளமளவென்று மேலே ஏறியது. டிசம்பர் 10-ம் தேதி அதன் குவார்ட்டர்பேக் கார்சன் வென்ட்ஸுக்கு முழங்கால் தசைநார் கிழிந்தது. ‘அவ்வளவுதான், கதை முடிந்தது’ என்றார்கள். உள்ளே வந்தவர் நிக் ஃபோல்ஸ். ஒரு கட்டத்தில் ஆட்டத்தையே விட்டுவிடலாமா என்று யோசித்தவர்.

நாக்-அவுட் சுற்றில் சொந்த மைதானத்தில் ஆடியபோதும் ஃபிலடெல்ஃபியா தோற்கும் என்றுதான் பந்தய உலகம் சொன்னது. முதல் ஆட்டத்தில் ஜெயித்ததும், லேன் ஜான்சன், கிறிஸ் லாங் என்ற இரு வீரர்கள் நாய் முகமூடியை மாட்டிக்கொண்டு மைதானத்தில் நின்றார்கள். ஜெயிக்க மாட்டான் என்று கருதப்படும் ஆளை ஆங்கிலத்தில் நாயோடு சேர்த்துச் சொல்வது வழக்கம். ‘ஆமாம், நாங்கள் நாய்கள்தான்’ என்பது அவர்களின் பதில். அடுத்த ஆட்டத்துக்கு ரசிகர்கள் கூட்டமும் அதே முகமூடியோடு வந்தது. 2018 பிப்ரவரி 4-ல் 41-33 என்று ஜெயித்து முதல் சூப்பர் பவுலைத் தூக்கியபோது ஆட்ட நாயகன், அதே நிக் ஃபோல்ஸ்!

ஒரே ஞாயிற்றுக்கிழமை, இரண்டு கால்கள்

கணிப்புகள் மனிதர்களை எப்படி விட்டுவிடுகின்றன என்பதற்கு 2020-ஐவிடச் சிறந்த உதாரணம் கிடையாது.

அந்த ஆகஸ்டில் டல்லாஸும் ஃபிலடெல்ஃபியாவும்தான் பேச்சு. முந்தைய ஆண்டு மூன்றே ஆட்டங்களில் வென்ற வாஷிங்டனை யாரும் பொருட்படுத்தவில்லை. பழைய பெயர் போய்விட்டது, புதுப் பெயர் வரவில்லை. புதிதாக வந்த கோச் ரான் ரிவேராவுக்கு அந்த ஆகஸ்டில்தான் புற்றுநோய் என்று தெரியவந்தது. சிகிச்சையை எடுத்துக்கொண்டே அணியை நடத்தினார்.

அந்த அணியில் அலெக்ஸ் ஸ்மித் என்று ஒரு குவார்ட்டர்பேக். 2018 நவம்பரில் ஓர் ஆட்டத்தில் அவர் வலது காலின் இரண்டு எலும்புகளும் முறிந்தன. பிறகு தொற்று பரவி, சதை அழுகத் தொடங்கியது. காலை எடுத்துவிடலாமா என்று மருத்துவர்கள் பேசும் அளவுக்குப் போனது. 17 அறுவை சிகிச்சைகள். அவர் நடப்பாரா என்பதுதான் கேள்வியாக இருந்தது. ஆடுவாரா என்பது அல்ல.

2020 அக்டோபர் 11, ஞாயிற்றுக்கிழமை. முன்னால் ஆடிய குவார்ட்டர்பேக் காயத்தால் வெளியேற, 693 நாள்களுக்குப் பிறகு அலெக்ஸ் ஸ்மித் மைதானத்தில் கால் வைத்தார். அதே ஞாயிற்றுக்கிழமை, ஆர்லிங்டனில் ஜயன்ட்ஸுக்கு எதிரான ஆட்டத்தில், டல்லாஸின் டாக் பிரெஸ்காட்டுக்குக் கணுக்கால் விலகி எலும்பு முறிந்தது. கண்ணீரோடு வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

ஒரு கால் திரும்பி வந்த நாளில் இன்னொரு கால் போனது. ஆகஸ்டில் போட்ட எல்லாப் பட்டியலும் அன்றோடு குப்பைக்குப் போயின.

அந்த சீஸனில் அலெக்ஸ் ஸ்மித் தொடக்க வீரராக இறங்கிய ஆறு ஆட்டங்களில் ஐந்தில் வாஷிங்டன் வென்றது. மொத்தம் 7 வெற்றி, 9 தோல்வி. தோல்வியே அதிகம்! ஆனாலும் மற்ற மூவரும் அதைவிட மோசமாக ஆடியதால், பிரிவில் முதலிடம் வாஷிங்டனுக்குத்தான். மீண்டு வந்த சிறந்த வீரருக்கான விருது அலெக்ஸ் ஸ்மித்துக்குக் கிடைத்தது. பிரெஸ்காட்டும் அடுத்த ஆண்டு எழுந்து வந்தார். 2021-ல் டல்லாஸை 12 வெற்றிகளோடு முதலிடத்தில் நிறுத்தினார்.

தூக்கம் போன முதலாளி

2024-ல் இன்னொரு பங்காளிக் கதை. ஜயன்ட்ஸின் நட்சத்திர ஓட்டக்காரர் சாக்வன் பார்க்லியின் ஒப்பந்தம் முடிந்தது. அவரைத் தக்கவைக்க அதிகப் பணம் தர வேண்டாம் என்று நிர்வாகம் முடிவெடுத்தது. அவர் மட்டும் ஃபிலடெல்ஃபியாவுக்குப் போனால் தனக்குத் தூக்கம் வராது என்று முதலாளி ஜான் மாரா சொன்னது, அணியைப் பற்றிய டி.வி தொடரிலேயே பதிவாகியிருக்கிறது.

பார்க்லி ஃபிலடெல்ஃபியாவுக்கே போனார். லீக் சுற்றில் மட்டும் 2,005 கெஜம் ஓடினார். 2025 பிப்ரவரி 9, அவருடைய 28-வது பிறந்தநாள். அன்றே 40-22 என்று கன்சாஸ் சிட்டியை வீழ்த்தி சூப்பர் பவுல் கோப்பையையும் தொட்டார். ஜயன்ட்ஸுக்கு அந்த சீஸனில் கிடைத்தது மூன்றே வெற்றிகள். முதலாளியின் கணிப்பு மட்டும் பலித்துவிட்டது!

அதே ஆண்டு, முந்தைய சீஸனில் நான்கே வெற்றி பெற்றிருந்த வாஷிங்டன், ஜேடன் டேனியல்ஸ் என்ற புதுமுகக் குவார்ட்டர்பேக்கோடு 12 ஆட்டங்களில் வென்று அரையிறுதி வரை போனது. ‘இனி இந்தப் பிரிவில் ஃபிலடெல்ஃபியாவும் வாஷிங்டனும்தான்’ என்று 2025 ஆகஸ்டில் பேசினார்கள். டேனியல்ஸ் காயம் பட்டார். வாஷிங்டன் ஐந்தே வெற்றிகளோடு நின்றது. 20 ஆண்டுச் சாபம் உடைந்து ஃபிலடெல்ஃபியா முதலிடத்தைத் தக்கவைத்த அந்த ஆண்டிலும், ஜோசியர்களுக்குப் பாதி மதிப்பெண்தான்.

ஏன் கணிக்க முடியவில்லை?

ஜோசியர்கள் முட்டாள்கள் இல்லை. லீகின் சட்டதிட்டங்களே, மேலே இருப்பவரைக் கீழே இழுத்து, கீழே இருப்பவரை மேலே தள்ளும்படி அமைந்திருக்கின்றன.

ஒன்று, சம்பள உச்சவரம்பு. ஐ.பி.எல் அணிகளுக்கு ஏலத் தொகைக்கு வரம்பு இருப்பதுபோல, 1994 முதல் இங்கேயும் உண்டு. 2025-ல் ஓர் அணி வீரர்களுக்குச் செலவிடும் வரம்பு 27.92 கோடி டாலர். பணக்கார முதலாளிக்கும் அதே வரம்புதான். ஜெயித்த அணியின் வீரர்கள் எல்லோரும் சம்பள உயர்வு கேட்பார்கள். எல்லோருக்கும் கொடுக்க முடியாது. யாராவது போய்த்தான் ஆக வேண்டும்.

இரண்டு, புதுமுகத் தேர்வு. கல்லூரியிலிருந்து வரும் வீரர்களை முதலில் தேர்ந்தெடுக்கும் உரிமை, கடைசியாக வந்த அணிக்கு. வாஷிங்டனுக்கு டேனியல்ஸ் இரண்டாவது தேர்வாகக் கிடைத்ததற்குக் காரணமே, அதற்கு முந்தைய ஆண்டின் படுதோல்விதான். தோல்வியே அடுத்த வெற்றிக்கு விதை.

மூன்று, எதிராளிகள். 17 ஆட்டங்களில் மூன்று, போன ஆண்டு நீங்கள் பிடித்த இடத்தைப் பொறுத்தது. முதலிடம் பிடித்தவர், மற்றப் பிரிவுகளில் முதலிடம் பிடித்தவர்களோடு மோத வேண்டும். கடைசி இடத்தவருக்குக் கடைசி இடத்தவர்கள்.

நான்கு, 17 ஆட்டங்கள் என்பது மிகக் குறைவு. 162 ஆட்டங்கள் ஆடும் பேஸ்பாலில் அதிர்ஷ்டமும் துரதிர்ஷ்டமும் ஒன்றையொன்று சரிக்கட்டிவிடும். இங்கே கையிலிருந்து நழுவிய மூன்று பந்துகள், 11 வெற்றியை 8 வெற்றியாக்கிவிடும்.

ஐந்தாவது, மேலே பார்த்ததுதான். முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் கழுத்துப்பட்டைக்கும் யாராலும் ஜாதகம் எழுத முடியாது.

ஆகவே, ஆகஸ்ட் மாதக் கணிப்பு என்பது பெரும்பாலும் போன ஆண்டின் புகைப்படம். அதை அடுத்த ஆண்டின் ஜன்னல் என்று நினைப்பதில்தான் தவறு நேர்கிறது.

விளையாட்டு வினையாகும் இடம்

ஒரு காலத்தில் இந்தக் கணிப்பு பொய்த்தால், நண்பர்கள் மத்தியில் கேலியோடு போய்விடும். 2018 மே 14-ம் தேதி நிலைமை மாறியது. நியூஜெர்சி மாநிலம் நடத்திய வழக்கில், விளையாட்டுப் பந்தயத்தைக் கட்டுப்படுத்திய 1992-ம் ஆண்டுச் சட்டம் செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன் பிறகு 30-க்கும் மேற்பட்ட மாநிலங்கள் பந்தயத்தை அனுமதித்துவிட்டன. அவற்றில் பலவற்றில் பந்தயக் கடை செல்போனுக்குள்ளேயே வந்துவிட்டது.

‘இந்த அணி ஒன்பதரை ஆட்டங்களில் வெல்லும்’ என்று பந்தய நிறுவனம் ஓர் எண்ணை வைக்கும். அரை ஆட்டத்தில் எப்படி வெல்வது? வெல்ல முடியாது. 9 வந்தால் ஒரு பக்கம், 10 வந்தால் மறுபக்கம் என்று, சரிசமமாக முடியாமலிருக்க வைக்கும் அரை அது. அந்த எண்ணைப் பலரும் ஆரூடம் என்று நினைக்கிறார்கள். உண்மையில் அது விலைச் சீட்டு. பணம் ஒரே பக்கம் குவிந்தால் விலையை நகர்த்துவார்கள்.

இதில் ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. வழக்கமான பந்தயத்தில் 100 டாலர் ஜெயிக்க 110 டாலர் வைக்க வேண்டும். ஒருவர் 100 முறை பந்தயம் கட்டுகிறார்; 50 முறை சரி, 50 முறை தவறு என்று வைத்துக்கொள்வோம். ஜெயித்தது 5,000 டாலர். தோற்றது 5,500 டாலர். பாதிக்குப் பாதி சரியாகச் சொன்னவருக்கு 500 டாலர் நஷ்டம்! முதலுக்கு மோசம் இல்லாமலிருக்கவே 100-க்கு 53 முறை சரியாகச் சொல்ல வேண்டும். ஆயுள் முழுக்க இந்த ஆட்டத்தையே பார்த்து எழுதுகிறவர்கள் தடுக்கி விழும் பிரிவில், வேலை முடிந்து வந்து சோபாவில் உட்கார்ந்து போனைத் தட்டுகிறவர் 53 முறை எப்படிச் சொல்வார்?

கணிப்பைப் படிக்கும்போது கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

அதற்காகக் கணிப்புகளைப் படிக்கவே கூடாது என்பதில்லை. ரசிகருக்கு அது ஒரு சுகம். படிக்கும்போது இவற்றைக் கேட்டுக்கொண்டால் போதும். எந்த விளையாட்டின் கணிப்புக்கும் இது பொருந்தும்.

1. போன ஆண்டுப் பட்டியலையே மறுபடி எழுதியிருக்கிறாரா, புதிதாக ஏதாவது சொல்கிறாரா?

2. முக்கிய வீரர் அடிபட்டால் அடுத்து யார் என்பதைப் பற்றிப் பேசுகிறாரா? ஃபோல்ஸும் பிரெஸ்காட்டும் முதலில் மாற்று வீரர்கள்தான்.

3. போன ஆண்டு வெற்றிகளில் எத்தனை கடைசி நிமிட வெற்றிகள்? அதிர்ஷ்டம் ஒவ்வோர் ஆண்டும் அதே வீட்டுக் கதவைத் தட்டாது.

4. தான் முன்பு சொன்னது என்ன ஆனது என்று கணிப்பவர் எப்போதாவது காட்டியிருக்கிறாரா?

5. கணிப்புக்குக் கீழே பந்தய விளம்பரம் இருக்கிறதா? இருந்தால், அது யாருடைய லாபத்துக்காக எழுதப்பட்டது?

இந்த ஐந்தையும் கேட்ட பிறகும் ஒருவர் தன் அணிதான் ஜெயிக்கும் என்று சொன்னால், தாராளமாகச் சொல்லட்டும். அது கணிப்பு இல்லை, பாசம். பாசத்துக்குப் புள்ளிவிவரம் எதற்கு? ஆனால் அந்தப் பாசத்தின் மேல் பணத்தை மட்டும் கட்ட வேண்டாம்.

ஆகஸ்ட் மாதத்தில் நான்கு பங்காளிகளின் கணக்கிலும் பூஜ்ஜியம் வெற்றி, பூஜ்ஜியம் தோல்வி. போன ஆண்டு முதலிடம் பிடித்தவருக்கும் அதே பூஜ்ஜியம், கடைசி இடத்தில் கிடந்தவருக்கும் அதே பூஜ்ஜியம். எந்த ஊர்ப் பட்டியலிலும் பெயர் வராத ஒருவர், எங்கோ ஒரு பயிற்சி மைதானத்தின் ஓரத்தில் தன் முறைக்காகக் காத்திருப்பார். செப்டம்பரில் அவரைத்தான் கவனிக்க வேண்டும்!